மற்றப் பிள்ளைகள்

எங்கள் பகுதியின் ஆரம்பப் பள்ளியை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் என்ற ஒன்று இருப்பதே எனக்கு உறைத்தது. அதுவரை தேர்தல் சமயத்தில் புல்வெளிகளில் நட்டு வைக்கும் அட்டைகளில் ஐந்து பேரின் சிரித்த முகங்களைப் பார்த்ததோடு சரி. குபெர்டினோவுக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கு மகளைக் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப் போவேன். வீட்டு விலை ஏறி ஏறி சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் டெக்சாஸ் பக்கம் போய்விட்டன, வகுப்புகள் காலியாகின்றன, அதனால் ஒரு பள்ளியைக் குறைக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வசந்தத்தில் வாரியக் கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. பிள்ளைகள் மைக் முன்னால் நின்று அழுதார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். மேடையில் ஒரு சின்ன விளக்குப் பெட்டி இருக்கும். பச்சை எரியும், பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பு வந்ததும் தலைவர் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்துக்கு உறுப்பினர்கள் பதில் பேசக் கூடாது என்பது இங்கே சட்டம். இருக்கும் விஷயத்துக்கும் பெரும்பாலும் பேச மாட்டார்கள். உயரமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேரும் ஒரே மாதிரி தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று வாக்களித்துப் பள்ளியை மூடினார்கள். அடுத்த நிமிடமே பால் கொள்முதல் ஒப்பந்தத்தை எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த பெற்றோர்கள் எழுந்து போகும் நாற்காலிச் சத்தத்துக்கு நடுவே பால் ஒப்பந்தமும் நிறைவேறியது.

அதற்குப் பிறகும் நான் கூட்டங்களுக்குப் போனேன். முதலில் கோபம், அப்புறம் பழக்கம். மகள் கொஞ்சம் தள்ளியிருக்கும் வேறு பள்ளிக்கு மாறிவிட்டாள். "அம்மா, ஸ்கூல் இஸ் ஆல்ரெடி க்ளோஸ்ட்" என்பாள். என் கணவர், "ஆபீஸ்ல பண்ற மீட்டிங் போதலையா உனக்கு?" என்பார். நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். ஒன்று சரியாக ஓடுகிறதா என்று கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பது எனக்குத் தொழில்.

இலையுதிர் காலத்தில் அந்த அரங்கில் என்னைச் சேர்த்து நாலைந்து பேர்தான் இருப்போம். ரகசிய அமர்வு என்று ஐவரும் பின்னறைக்குப் போய்விடுவார்கள். பெயர்ப் பலகைகள் மட்டும் மேடையில் எங்களைப் பார்த்தபடி நிற்கும். ஆளில்லாத மேடையில் ஒவ்வொரு மைக்கிலும் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். திரும்பி வந்து, "அறிவிக்க எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் அந்தக் குரலை முதலில் கேட்டேன்.

பொதுமக்கள் பேசும் நேரம். நேரில் பேச யாரும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் கை உயர்த்தியிருக்கிறார் என்று எழுத்தர் சொன்னார். நடுத்தர வயதுப் பெண்மணி அவர், எப்போதும் மூலை மேசையில் மடிக்கணினியோடு இருப்பார். இணைப்பைத் திறந்தார். கூரையில் பதித்த ஒலிபெருக்கிகளிலிருந்து மூச்சுவிடும் சத்தம் வந்தது. பிறகு தமிழ் வந்தது.

"வணக்கம். நான் கதைக்கிறது அங்கை கேக்குதோ?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அரங்கில் நான் தமிழைக் கேட்டதே இல்லை. வயதான ஆண் குரல். யாழ்ப்பாணப் பேச்சு.

"நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்க வீட்டிலை இருக்கிறன். பள்ளிக்கூடத்தைப் பூட்டியாச்சு எண்டு மகன் சொன்னவன். ஆனா பின்னேரத்திலை பிள்ளையள் வந்து நிக்கினம். வேலிக்குப் பக்கத்திலை. விளையாடுறதும் இல்லை, கதைக்கிறதும் இல்லை. சும்மா நிக்கினம். ஒருத்தரும் வந்து கூட்டிக்கொண்டு போறதாத் தெரியேல்லை. ஆராவது வந்து ஒருக்காப் பாருங்கோ. சின்னப் பிள்ளையள்."

பச்சை, மஞ்சள். அவர் நிறுத்தி நிறுத்தி, அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். மேடையில் ஐந்து பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் புரியாமல், புரியும்போது எப்படிக் கேட்பார்களோ அதே முகத்தோடு. சிவப்பு வந்ததும் அவர் வாக்கியத்தின் நடுவில் இணைப்பு அறுந்தது.

"உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார் தலைவர்.

கூட்டம் முடிந்ததும் எழுத்தரிடம் போனேன். "அவர் பேசியது என் மொழி" என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன்.  "நீங்கள் வராத போன கூட்டத்திலும் கூப்பிட்டார். என்ன மொழி என்றே எங்களுக்குத் தெரியவில்லை" என்றார். அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டேன். தர முடியாது, அந்தரங்க விதி. ஆனால் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பேசுகிறவருக்கு இரட்டிப்பு நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் நீங்கள் செய்வீர்களா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன்.

அதற்குள் நானே ஒரு பிற்பகல் போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் புதன்கிழமை அது. முன்பக்கம் கார்கள் வளைந்து போகும் பாதையில் சங்கிலி போட்டிருந்தார்கள். பின்தெருவுக்குச் சுற்றிப் போனேன். கம்பி வேலி, சின்னப் பக்கக் கதவு, அதற்கப்பால் மைதானம். வலை கழற்றிய கால்பந்து கோல் கம்பங்கள். யாரும் இல்லை. திரும்பலாம் என்று நினைத்தபோது பள்ளி மணி அடித்தது. அதை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை போல. ஆளில்லாத கட்டடத்துக்குள் எல்லா நடைபாதைகளிலும் அந்த மணி ஓடி அடங்கியது. என்னை அறியாமல் என் கண்கள் மகள் வெளியே வரும் கதவுக்குப் போயின. அந்தக் கதவு அப்படியே சாத்தியிருந்தது. வீட்டை நோக்கி வேகமாக நடந்தேன். ஓடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் எழுத்தர் என்னிடம் ஒன்று சொல்லி வைத்தார். மொழிபெயர்க்கும்போது 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

பெரியவர் கூப்பிட்டார். நான் மைக் முன்னால் நின்றேன். "அங்கிள், வணக்கம்ங்க. நானும் தமிழ்தான். ஈரோட்டுப் பக்கம். நீங்க கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திப் பேசுங்க, நான் இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்றேன்" என்றேன்.

மறுமுனையில் நாற்காலி ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கனநாளா நான் ஆரோடை கதைக்கிறன் எண்டே தெரியாமல் கதைச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பூட்டிய பள்ளியின் வேலியோரம் பிள்ளைகள் நிற்பதை நான் பார்க்கிறேன். அவர்கள் பேசுவதில்லை. அவர்களை அழைத்துப் போக யாரும் வருவதில்லை. என் குரலில் அதைக் கேட்கக் கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேடையில் ஒரு பெண் உறுப்பினர், பள்ளியை மூட வாக்களித்த மூவரில் ஒருவர், எழுதுவதை நிறுத்தினார்.

தலைவர், பள்ளிகளின் நிர்வாகத்தைப் பார்க்கும் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி, "அலுவலர்கள் விசாரிப்பார்கள்" என்றார். நான் போன கூட்டங்களில் ஒரு கருத்துக்கு நன்றிக்கு மேல் ஒரு வாக்கியம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

விசாரித்தார்கள். உண்மையாகவே பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். பள்ளி மாறிய பிள்ளைகளில் சிலருக்காகப் பள்ளி மாவட்ட நிர்வாகம் ஒரு பேருந்து விட்டிருந்தது. மாலையில் பழைய பள்ளியில் கொண்டுவந்து இறக்கிவிடும், அங்கிருந்து டேகேர் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். முன்வாசலில் சங்கிலி போட்டதும் ஓட்டுநர் பின்தெருவில் நிறுத்தி, பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளை உள்ளே விட ஆரம்பித்தார். வேனோ ஒவ்வொரு நாளும் தாமதம். மூடிய பள்ளியின் ஊஞ்சலில் ஏறினால் இன்சூரன்ஸ் பிரச்சனை, அதனால் வேலியோரமாக அசையாமல் நில்லுங்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் அப்படியே நின்றிருக்கிறார்கள். புதன்கிழமைகளில் பள்ளி சீக்கிரமே விட்டுவிடும். நான் போனபோது அவர்கள் போயிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் கண்காணிப்பாளர் இதை அறிக்கையாக வாசித்தார். பேருந்து இனி பக்கத்து நூலக வாசலில் நிற்கும் என்றார். விழிப்போடு இருந்த அண்டைவீட்டாருக்கும், உதவிய மொழிபெயர்ப்பாளருக்கும் நன்றி சொன்னார். ஐந்து பேரும் கைதட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏதோ ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்து மூடிய திருப்தி.

பிறகு பொதுமக்கள் நேரம். தொலைபேசியில் ஒரு கை உயர்ந்திருப்பதாக எழுத்தர் சொன்னார். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார் என்றே நினைத்துக்கொண்டு மைக்குக்குப் போனேன்.

"அந்தப் பிள்ளையளை ஒழுங்கு பண்ணினது நல்ல விசயம்" என்றார் அவர். "அவையளை நானும் கண்டனான். அவையளுக்கு முதுகிலை பை இருந்தது. காலிலை சப்பாத்து இருந்தது. வேன் வந்து ஏத்திக்கொண்டு போகும். நான் சொன்னது அவையளை இல்லைப் பிள்ளை. மற்றப் பிள்ளையளை."

நான் நிறுத்தினேன். மேடையில் எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

"சொல்லு பிள்ளை" என்றார் கூரையிலிருந்து அவர்.

சொன்னேன். நான் சொன்னது அந்தப் பிள்ளைகளை அல்ல. அவர்களிடம் பைகள் இருந்தன, காலணிகள் இருந்தன. நான் சொன்னது மற்றப் பிள்ளைகளை. அவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

 விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்தது. இரட்டிப்பு நேரம். மைக்கில் தமிழிலேயே கேட்டேன்: "அங்கிள், நான் உங்க வீட்டுக்கு வரட்டுங்களா?"

"வாங்கோ. பக்கக் கதவுக்கு நேர் எதிர் வீடு."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதையும் மொழிபெயர்க்க முடியுமா?"

"நான் வரலாமா என்று கேட்டேன்" என்றேன். "வரச் சொல்கிறார்."

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார்.

மறுநாள் பிற்பகலே போனேன். கட்டம் போட்ட சட்டையில், மெலிந்த உயரமான மனிதர் கதவைத் திறந்தார். மகனும் மருமகளும் மருத்துவர்கள், சான் ஹோசேயில் வேலை, இருட்டிய பிறகுதான் வருவார்களாம். பள்ளியை மூடுமுன் அண்டை வீடுகளுக்கு மாவட்டம் அனுப்பிய அட்டையில் கூட்டத்தின் தொலைபேசி எண் இருந்ததாம். "மகனிட்டைச் சொன்னனான். அப்பா, கண் டெஸ்ட் பண்ணுவம் எண்டான். பண்ணினது. கண்ணிலை பிழை ஒண்டும் இல்லை. எனக்கு இங்கிலீஸ் தெரியாமல் இல்லை, பிள்ளை. ஆனா இதை இங்கிலீசிலை எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

அடுக்களை ஜன்னல் வழியே பக்கக் கதவும் மைதானமும் தெரிந்தன. இஞ்சி போட்ட தேநீர் தந்தார். மைதானம் முழுக்க வாத்துகள், குளிர்காலத்துக்கு வந்து இறங்கும் பெரிய சாம்பல் வாத்துகள், புல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஈரோட்டில் மழை உண்டா என்று கேட்டார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பயமுறுத்துகிறவர் மாதிரியே இல்லை. குழம்பிய மனிதர் மாதிரியும் இல்லை.

பேச்சின் நடுவில் கோப்பையைக் கீழே வைத்தார். "வந்திட்டினம்" என்றார்.

பார்த்தேன். வேலி, புல், கட்டடத்தின் நீண்ட நிழல். எனக்கு யாரும் தெரியவில்லை.

"எங்க நிக்கறாங்க, அங்கிள்?"

"வேலியோரம். வரிசையா."

"நம்மளப் பாக்கறாங்களா?"

"இல்லை. பள்ளிக்கூடக் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கினம். எப்பவும் அப்பிடித்தான். எங்கடை ஊரிலை பள்ளிக்கூடம் பூட்டினா அதுக்குள்ளை சனம் வந்து இருக்கும். நாங்களும் இருந்தனாங்கள், சண்டை நேரம். உள்ளை இடம் இல்லாட்டி வெளியிலை நிண்டு கதவைப் பாத்துக்கொண்டிருப்பம். அந்த மாதிரித்தான் நிக்கினம்."

நான் அவரைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் வாத்துகளைக் கவனித்தேன். மைதானம் முழுக்க இருந்தன. வேலியை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் புல் உயரமாக, கொத்தப்படாமல் இருந்தது. மேய்ந்துகொண்டே வந்த வாத்து ஒன்று அந்தப் பட்டை வரை வந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனது. பின்னால் வந்ததும் அதே இடத்தில் திரும்பியது. அதற்குப் பின்னால் வந்ததும்.

தேநீரைக் குடித்து முடித்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதை பிள்ளை. அவையள் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யினமில்லை" என்றார்.

"போர்டுல என்ன கேக்கட்டும், அங்கிள்?"

"கதவைத் திறந்து விடச் சொல்லு. பள்ளிக்கூடக் கதவை. வேறை ஒண்டும் வேண்டாம்."

அதைத்தான் அடுத்த கூட்டத்தில் கேட்டோம். அவர் தமிழில், நான் ஆங்கிலத்தில். பிற்பகலில் கொஞ்ச நேரம் பள்ளியின் கதவைத் திறந்து வையுங்கள். வழக்கமான நன்றி வந்தது. ஆனால் கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போகும்போது, பள்ளியை மூட வாக்களித்த அந்தப் பெண் உறுப்பினர் என் பின்னாலேயே வந்தார். அவர் என்னிடம் பேசுவது அதுவே முதல் தடவை.

"அந்தப் பெரியவர் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"அவர் பொய் சொல்லவில்லை" என்றேன்.

அவர் கார் சாவியைத் திருப்பிக்கொண்டே நின்றார். "இதை அப்படியே நிகழ்ச்சி நிரலில் போட முடியாது" என்றார். "வேறு ஏதாவது வார்த்தையில் போடலாம்."

போட்டார். பேருந்துக்கும் வேனுக்கும் நடுவே பிள்ளைகள் நூலக வாசலில் குளிரில் நிற்கிறார்கள், அவர்களை மூடிய பள்ளியின் பொதுக் கூடத்தில் ஓர் உதவியாளரின் கண்காணிப்பில் உட்கார வைக்கலாம் என்று ஒரு தீர்மானம். விவாதமே இல்லாமல், ஐந்து வாக்குகளும் பெற்று நிறைவேறியது. அந்தப் பள்ளி விஷயத்தில் மூட மறுத்தவர்களும் மூடியவர்களும் அன்றைக்குத்தான் ஒன்றாக வாக்களித்ததைப் பார்த்தேன். பிற்பகல்களில் பொதுக் கூடத்தின் கதவு திறந்தது.

விடுமுறைகள் முடிந்து கூடிய முதல் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். தொலைபேசியில் அவர்தான் முதல் ஆள்.

"கனக்கக் கதைக்க ஒண்டும் இல்லை" என்றார். "அவையள் போயிட்டினம் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

"எங்க போனாங்க, அங்கிள்?" மொழிபெயர்ப்பவள் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"உள்ளுக்கு. கதவு திறந்த அண்டைக்கே போயிட்டினம். வேலியடியிலை இப்ப ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் நன்றி எண்டு சொல்லு."

ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். எல்லோருக்கும் நன்றி. தலைவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. பேருந்துப் பிள்ளைகளைச் சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். "நாங்களும் உங்களுக்கு நன்றி சொல்கிறோம்" என்றார். நான் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் சில்லறைக் கொள்முதல்கள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே வாக்கில் நிறைவேற்றுவது வழக்கம். அந்தப் பெண் உறுப்பினர் கை தூக்கி, ஒன்றை மட்டும் தனியாகப் பேச வேண்டும் என்றார். மூடிய பள்ளியின் பொதுக் கூடத்துக்குச் சின்ன நாற்காலிகள்.

"அங்கே ஏற்கெனவே நாற்காலிகள் இருக்கின்றனவே" என்றார். "பேருந்தில் வரும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்களா?"

கண்காணிப்பாளர் காகிதத்தைப் புரட்டினார். "இல்லை, அதே பிள்ளைகள்தான். உதவியாளர் கேட்டிருக்கிறார். உட்கார இடம் போதவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம்."

"பிள்ளைகளா சொல்கிறார்கள்?"

"ஆமாம். பக்கத்து நாற்காலிகளில் யாரையும் உட்கார விட மாட்டேன் என்கிறார்களாம். இந்த வயதில் அப்படித்தான்" என்று கண்காணிப்பாளர் சிரித்தார். ஒன்றிரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

பெண் உறுப்பினர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து நேராக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.  பொதுமக்கள் பேசும் நேரம் நிகழ்ச்சி நிரலில் முடிந்திருந்தது.

தலைவர் வாக்குக்கு விட்டார். நான்கு கைகள் உயர்ந்தன. கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண் உறுப்பினரும் கையை உயர்த்தினார்.